வாக்குறுதி அளிக்காதோர் பட்டியல்

வெள்ளவத்தை
09.02.2025, ஞாயிறு

அன்புள்ள சறோ மாமிக்கு,

நாலு நாளில் வாட்ஸ்அப்பில் பதினேழு செய்தி அனுப்பிவிட்டேன். எல்லாவற்றுக்கும் நீலச் சரி விழுந்திருக்கிறது; பதில் மட்டும் விழவில்லை. நீங்கள் பேனையும் முத்திரையும் கொண்டு வாழ்ந்த காலத்து ஆள், கடிதத்துக்குத்தான் மசிவீர்கள் என்று அம்மா சொன்னார். முத்திரை வாங்கப் போன இடத்தில் தபால் கந்தோர்க்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பதினாறு வயதுப் பெட்டை கடிதம் போட்டால் அது காதல் கடிதமாம். உறையில் "செல்வி சரோஜினிதேவி, கொட்டாஞ்சேனை" என்று கண்டதும் மனிதருக்கு முகம் விழுந்துவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். புதன்கிழமை நீங்கள் வேலை செய்கிற காப்புறுதி ஆணைக்குழுவிலிருந்து அப்பாவுக்குப் பதிவுத் தபால் வந்தது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஆஸ்பத்திரிக் காப்புறுதி நடத்துவதாகத் தெரியவருகிறதாம், பதினான்கு நாளுக்குள் விளக்கம் தர வேண்டுமாம். அப்பா மூன்று தரம் வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "அனுமதிப் பிரிவு எண்டு கிடக்கு. அக்கா வேலை செய்யிற பிரிவு. என்ர சொந்த அக்கா என்னைக் காட்டிக் குடுத்திட்டா" என்றார். அம்மா "விசாரிக்காமல் கதையாதேங்கோ" என்றார். அப்பா அன்றிலிருந்து உங்கள் பெயரை எடுத்தாலே எழும்பிப் போய்விடுகிறார். இதுதான் பிரச்சினை.

காட்டிக் கொடுத்தது நீங்கள் இல்லை என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் குற்றவாளி நான்.

ஆஸ்பத்திரியில் படுத்தவருக்குத் துணை போகிற எங்கள் ஃப்ளாட் சங்கத்துக்குப் பத்து வருடம் ஆனதல்லவா? முப்பத்தெட்டுக் குடும்பத்துக்கும் உறுப்பினர் அட்டை ரைப் பண்ணித் தா என்று செயலாளரான அப்பா கேட்டார். அட்டை என்றால் சப்பை. ஊரெல்லாம் மரணாதாரச் சங்கம் வைத்திருக்கிறார்கள், செத்தால்தான் வருவார்கள். நாங்கள் சாகாமல் இருக்கும்போதே வருகிறவர்கள். ஆகவே "வெள்ளவத்தை சாகாதாரக் காப்புறுதிக் கூட்டுத்தாபனம்" என்று தங்க எழுத்தில் ஆங்கிலத்திலும் தமிழிலும் சான்றிதழ் அடித்தேன். அடியில் "இலாப நோக்கமற்றது, நட்ட நோக்கமும் அற்றது". ஜாம் போத்தல் மூடியைச் சிவப்பு மையில் தோய்த்து முத்திரை. எல்லோரும் சிரித்தார்கள். அப்பா கூடச் சிரித்தார்.

சிரிக்காத ஒரே ஆள் மூன்றாம் மாடி நாகேந்திரம் மாமா. அவர் அதைப் பத்திரமாக ஃபைலில் வைத்திருக்கிறார். தை மாதம் குடலிறக்கத்துக்கு ஒப்பரேஷன் செய்யப் போன இடத்தில் கவுண்டர்ப் பிள்ளை "இன்சூரன்ஸ் இருக்கா அங்கிள்?" என்று கேட்க, எடுத்து நீட்டிவிட்டார். அந்தப் பிள்ளை சான்றிதழில் இருந்த இலக்கத்துக்கு அடித்தது. அது எங்கள் வீட்டுப் போன். அப்பா எடுத்தார். "நாகேந்திரத்துக்கு நீங்களா பொறுப்பு?" என்று கேட்டிருக்கிறது.

அப்பாவை உங்களுக்குத் தெரியும்தானே. "ஓம் பிள்ளை, நாங்கதான் பொறுப்பு" என்று சொல்லி வைத்துவிட்டு, இடியப்பம் எடுத்துக்கொண்டு போனார். ஆஸ்பத்திரி வாட்டில் போய்த் துணைக்கு நிற்பதைத்தான் கேட்கிறார்கள் என்று அவர் நினைத்திருக்கிறார்.

மாமி, சங்கத்தை மூடிவிடுவார்களா? அப்பாவைக் கூட்டிக்கொண்டு போவார்களா? அவருக்கு நீங்கள் ஒரு கோல் எடுத்தால் போதும்.

குற்றவாளி
சாம்பவி


கொட்டாஞ்சேனை
13.02.2025

அன்புள்ள சாம்பவிக்கு,

உன் 09.02.2025ஆம் திகதிய கடிதம் கிடைத்தது. தமிழில் பிழை இல்லை. மற்ற எல்லாவற்றிலும் இருக்கிறது.

முதலில், உன் அப்பாவை நான் காட்டிக் கொடுக்கவில்லை. இப்படியொரு கூட்டுத்தாபனம் அனுமதி பெற்றதா என்று ஆஸ்பத்திரிதான் எங்களிடம் கேட்டு எழுதியது. சான்றிதழின் பிரதி என் சக உத்தியோகத்தர் பௌஸியின் மேசைக்கு வந்தது. அவர் அதை என்னிடம் காட்டி, "மிஸ், இந்த அனுமதி இலக்கம் எங்கட வரிசையில இல்லையே" என்றார். இலக்கம் 14081966. அது என் பிறந்த திகதி, சாம்பவி. உனக்கு வேறு எண்ணே கிடைக்கவில்லையா?

அன்றே பணிப்பாளருக்கு எழுதிக் கொடுத்தேன்: செயலாளர் என் தம்பி, நானும் அந்தச் சங்கத்தின் இரண்டாம் இலக்க உறுப்பினர், இந்தக் கோப்பில் நான் கை வைக்கக் கூடாது. என் வயது இப்போது முழு அலுவலகத்துக்கும் தெரியும். கோப்பு முடியும்வரை உங்கள் வீட்டுக்கு வரமாட்டேன், போனிலும் கதைக்கமாட்டேன். உள்ளே இருந்துகொண்டு தம்பிக்கு வழி சொல்லிக் கொடுத்தேன் என்று நாளை ஒருவர் சொல்லக் கூடாது. நீ எழுதலாம். ஆனால் உன் கடிதமும் என் பதிலும் பிரதியெடுத்துப் பௌஸியிடம் போகும். அதற்கேற்ப எழுது.

அப்பாவை ஒருவரும் கூட்டிக்கொண்டு போகப்போவதில்லை. ஆனால் இது விளையாட்டும் அல்ல. மாதாமாதம் சந்தா வாங்கி, நோய் வந்தால் தருவோம் என்று சொன்னால் அது காப்புறுதி. அதற்கு அனுமதி வேண்டும். அனுமதி கேட்பது ஒரு கம்பனியாக இருக்க வேண்டும். கோடிக்கணக்கில் மூலதனம் காட்ட வேண்டும். எத்தனை பேர் எப்போது நோயாவார்கள் என்று கணக்கிட்டுச் சொல்லும் கணிப்பாளர் ஒருவர் வேண்டும். எங்களுக்கு இலாபம் வேண்டாம் என்பது இதில் எதற்கும் பதிலாகாது. நல்ல மனது இருக்கிறது என்பதும் ஆகாது.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று நீ கேட்பாய். பல வருடங்களுக்கு முன் ஒரு பெண் என் மேசைக்கு முன்னால் வந்து இருந்தாள். கையில் எட்டு வருடத்துப் பற்றுச்சீட்டு. அவர்கள் பக்கத்தில் இப்படித்தான் நல்ல மனிதர்கள் சேர்ந்து ஒன்று நடத்தினார்கள். ஒரே மாதத்தில் ஐந்து பேர் படுத்தார்கள். அவள் கணவன் ஐந்தாவது ஆள். "தருவம் எண்டு சொன்னவங்க மிஸ்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளுக்குக் கொடுக்க என்னிடம் ஒரு கிளாஸ் தண்ணீர்தான் இருந்தது.

சங்கத்தின் விதித்தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதை உள்ளபடி எழுதி அனுப்பு.

சரோஜினிதேவி

பி.கு.: "இடியப்பத்துக்குச் சொதி சேர்ந்தது; சம்பலுக்குத் தனிக் காப்புறுதி" என்ற, உன் சான்றிதழின் நாலாம் பிரிவை வாசித்துப் பௌஸி கண்ணீர் வரச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பஸ்ஸில்தான் சிரித்தேன்.


வெள்ளவத்தை
17.02.2025

அன்புள்ள சறோ மாமிக்கும், பிரதி பெறும் பௌஸி அங்கிளுக்கும்,

அங்கிள், உங்களைச் சிரிக்க வைத்ததில் மகிழ்ச்சி. ஒன்பதாம் பிரிவையும் தயவுசெய்து வாசிக்கவும்: துணைக்கு நிற்பவர் நோயாளியைவிடச் சத்தமாகக் குறட்டை விட்டால் காப்புறுதி செல்லுபடியாகாது. இது என் அப்பாவை மனதில் வைத்து எழுதப்பட்டது.

மாமி, உங்கள் கடிதத்தை அப்பாவின் முன்னால் சத்தமாக வாசித்தேன். அவர் பேப்பர் படிக்கிற மாதிரி இருந்தார். பேப்பர் தலைகீழாக இருந்தது. அந்தப் பெண்ணின் கதை வந்ததும் பேப்பரை மடித்துவிட்டார். ஆனால் "சரி, அக்கா செய்யேல்லை" என்று வாயால் சொல்ல ஆளுக்கு வராது. அதற்குப் பதிலாக, "அப்ப அனுமதி எடுப்பம்" என்றார்.

எடுக்க உட்கார்ந்தோம். மூலதனம்: மடக்குக் கதிரை இரண்டு, தேர்மோஸ் ஒன்று (மூடி இல்லை), சாப்பாட்டுக் கேரியர் நாலு, ஒரு பிஸ்கட் ரின், அதற்குள் இந்த மாதச் சந்தா. கோடி என்று எங்களிடம் இருப்பது வாசல் கொடிக்கயிறு கட்டிய மூலை மட்டும். கணிப்பாளர் பதவிக்கு நாலாம் மாடி பைறோஸா அன்ரி தகுதியானவர். யாருக்கு என்ன நோய் என்று டொக்டருக்கு முதலே அவருக்குத் தெரியும்.

விதித்தாள் ஒரே பக்கம்தான். மாதம் முந்நூறு ரூபா. யாராவது படுத்தால் சங்கத்திலிருந்து இருபதாயிரம், மூன்று வேளைச் சாப்பாடு, வாட்டில் முறை வைத்து ஒரு துணை. கடைசி வரி இது: "உறுப்பினர் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருந்தால் சங்கம் கட்டாயம் வரும்." கட்டாயம் என்ற சொல்லின் கீழ் அப்பா இரண்டு கோடு போட்டிருக்கிறார்.

ஏன் இரண்டு என்று கேட்டேன். அம்மாதான் சொன்னார். எனக்கு ஆறு வயதில் டெங்கு வந்து ஒன்பது நாள் கிடந்தேனாம். அம்மாவுக்கும் காய்ச்சல், அப்பா இரண்டு வாட்டுக்கும் நடுவில் ஓடித் திரிந்தாராம். ஒன்பது நாளும் என் கட்டிலடியில் இருந்தது நீங்களாம். நான் உங்கள் சேலையில் சத்தி எடுத்ததாகவும் தகவல். வீட்டுக்கு வந்ததும் அப்பா, "எல்லாருக்கும் ஒரு சறோ அக்கா இல்லைத்தானே" என்று சொல்லி இந்தத் தாளை எழுதினாராம்.

எனக்கு இது ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உங்கள் பிறந்த நாளை இலக்கமாகப் போட்டிருக்கமாட்டேன். வேறு நல்ல இடத்தில் போட்டிருப்பேன்.

சாம்பவி


கொட்டாஞ்சேனை
24.02.2025

அன்புள்ள சாம்பவிக்கு,

அது சேலை அல்ல, புதுச் சேலை. திருத்திக்கொள்.

பௌஸி முடிவைச் சொல்லிவிட்டார்; கடிதமாகவும் வரும். சங்கம் சந்தா சேர்க்கலாம், சமைக்கலாம், துணைக்கு நிற்கலாம். அதெல்லாம் அயல் மனிதர் செய்வது. அதற்கு ஆணைக்குழு தேவையில்லை. செய்வோம் என்று முன்கூட்டியே எழுத்தில் கட்டுப்படுவதுதான் சட்டத்தில் மாட்டுகிறது. ஆகவே பெயரில் காப்புறுதி இருக்கக் கூடாது, சான்றிதழ்கள் முப்பத்தெட்டும் திரும்ப வர வேண்டும், கடைசி வரியை எடுத்துவிட்டு இதைப் போட வேண்டும்: "இச்சங்கம் எவருக்கும் எதனையும் தருவதாகவோ, எவரிடமும் வருவதாகவோ வாக்குறுதி அளிக்கவில்லை." செயலாளர் கையொப்பமிட்டு மார்ச் 14க்கு முன் அனுப்பினால் கோப்பு மூடப்படும். இல்லாவிட்டால் சங்கத்தைக் கலைக்கும்படி கடிதம் வரும்.

வசனம் பௌஸியுடையது. ஆனால் நான் அவருடைய இடத்தில் இருந்திருந்தால் அதைவிடக் கடுமையாக எழுதியிருப்பேன். உன் அப்பா இராசனுக்கு இதைச் சொல். கோபப்படுவதானால் சரியான ஆளிடம் கோபப்படட்டும்.

மார்ச் 11 முதல் நான் விடுமுறை. அதற்குப் பிறகு வரும் கடிதத்துக்குப் பதில் பிந்தும்.

சரோஜினிதேவி


வெள்ளவத்தை
02.03.2025

அன்புள்ள சறோ மாமி,

இன்று காலை மொட்டைமாடியில் கூட்டம். அப்பா அந்த வசனத்தை வாசித்தார்.

பைறோஸா அன்ரிதான் முதலில் வாய் திறந்தார். "இதுல என்ன இருக்கு? பேப்பர்ல வாறல்ல எண்டு போட்டுட்டு வாறதுதானே. கலியாணக் கார்டு வந்தா, வருவோம் எண்டு எழுதிக் குடுத்துட்டா நாங்க போறோம்?"

அப்பா, "அது வேற. இது குடுக்கிற சொல்லு, பைறோஸா. சொல்லுக் குடுக்காமல் சந்தாவை எப்பிடி வாங்கிறது? நாளைக்கு ஒரு ஆள் படுத்திருக்கேக்க நான் போகாட்டி என்னை ஆர் கேக்கிறது?"

நாகேந்திரம் மாமா எழும்பினார். "நான் கேப்பன்" என்று சொல்லி உடனே இருந்துவிட்டார். ஒப்பரேஷன் செய்த இடம் இழுத்ததாம்.

பிறகு, எல்லாம் தன்னால் வந்தது என்று அவர் மெல்ல அழத் தொடங்கினார். மாமி, நான் நாலு வருடமாக ஃப்ளாட்டில் செய்யாத குழப்படி இல்லை. லிஃப்டில் "பழுது" என்று ஒட்டி எட்டு மாடி ஏற வைத்திருக்கிறேன். ஒருவரையும் அழ வைத்ததில்லை. முதல் தடவை. நான் எழும்பி, பிழை என்னுடையது என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். பகிடி ஒன்றும் சேர்க்காமல் சொன்னேன். அப்பா என்னைப் பார்த்தார். ஆனால் கையெழுத்து வைக்கவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.

இன்னொரு கேள்வி. வருடா வருடம் லீவு எடுக்காமல் சேர்த்துவைத்து, தீபாவளிக்கு அரை நாள் எடுப்பதற்கே மூன்று தரம் யோசிக்கிற நீங்கள் மார்ச் மாதம் எங்கே போகிறீர்கள்? சிங்கப்பூரா? காதலா? பௌஸி அங்கிள், உங்களுக்குத் தெரிந்தால் ஓரத்தில் எழுதவும்.

சாம்பவி


கொட்டாஞ்சேனை
06.03.2025

சாம்பவி,

இந்தக் கடிதத்துக்குப் பிரதி இல்லை.

எனக்குப் பித்தப்பையில் கல். மூன்று மாதமாகத் தெரியும். 12ஆம் திகதி ஒப்பரேஷன். பெரிதாக ஒன்றும் இல்லை. நாலு நாளில் வீடு. சங்கத்திலிருந்து விலகுவதாக எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன், இரண்டாம் இலக்கத்தை வெட்டிவிடச் சொல். கோப்பு திறந்திருக்கும்போது நான் அதில் ஒரு கேரியர்ச் சோறு சாப்பிட்டாலும் அது பிழை. துணைக்கு ஒரு ஏஜென்சியில் ஆள் சொல்லியிருக்கிறேன். கெட்டிக்காரப் பிள்ளை என்றார்கள்.

அப்பாவுக்குச் சொல்லாதே. சொன்னால் ஓடிவருவான். வந்தால், கையெழுத்து வைக்காத செயலாளர் ஆணைக்குழு உத்தியோகத்தரைப் பார்க்க வந்ததாகிவிடும். இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனால் முப்பத்திரண்டு வருடம் ஒரு மேசையில் இருந்து மற்றவர்களுக்குச் சொன்ன விதியை என் வயிறு நோகிறது என்பதற்காக மாற்ற முடியாது.

நீ எழும்பி நின்று சொன்னதை வாசித்தேன். இரண்டு தரம் வாசித்தேன்.

மாமி


வெள்ளவத்தை
10.03.2025, திங்கள்

அன்புள்ள மாமி,

தபாலை நம்பாமல் இதை நேரே கொண்டுவந்து உங்கள் வீட்டுக்காரம்மாவிடம் கொடுக்கிறேன். மருதானையில் பஸ் மாறினேன். நீங்கள் வேலையால் வந்ததும் தருவார்.

அப்பாவுக்குச் சொல்லாதே என்றீர்கள். சத்தியமாகச் சொல்லவில்லை. கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில், அவருடைய கோப்பைக்குக் கீழே, அவருடைய கண்ணாடிக்குப் பக்கத்தில் மறந்துபோய் வைத்துவிட்டேன். மறதி குடும்ப வியாதி.

அவர் வாசித்தார். சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். எட்டு நாளில் அது நாலு சட்டை மாறியிருக்கிறது, மடிப்பு பழுப்பாகிவிட்டது. பேனை கேட்டார். கொடுத்தேன். எழுதவில்லை. அது என்னுடைய பகிடிப் பேனை; மையை எடுத்து வைத்திருந்ததை மறந்துபோய்க் கொடுத்துவிட்டேன். மாமி, அந்த நேரத்தில் அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு எந்தக் கம்பனியும் காப்புறுதி தராது. அம்மா வேறு பேனை கொண்டுவந்தார்.

கையெழுத்து வைத்துவிட்டு, "சரி. இனி நான் ஆருக்கும் வாறன் எண்டு சொல்லேல்லை. ஆகவே ஆரும் என்னைப் போகாத எண்டும் சொல்லேலாது" என்றார். அந்த வசனத்தைப் பௌஸி அங்கிள் எழுதும்போது இந்த ஓட்டையைக் கவனித்தாரோ தெரியாது.

ஒப்பமிட்ட தாளும் முப்பத்தெட்டுச் சான்றிதழும் இன்று காலையே அலுவலகத்தில் கொடுத்து, பற்றுச்சீட்டு வாங்கியாகிவிட்டது. நாகேந்திரம் மாமா தன்னுடையதைத் தரும்போது ஃபோட்டோக் கொப்பி கேட்டார். கொடுக்கவில்லை.

உங்கள் விலகல் கடிதத்தை அப்பா ஏற்கவில்லை. காரணம்: ஒன்றும் தருவதாகச் சொல்லாத சங்கத்திலிருந்து விலக என்ன இருக்கிறது?

கீழே காண்பது சட்டத்துக்கு உட்பட்டே தயாரிக்கப்பட்டது.

வாக்குறுதி அளிக்காதோர் பட்டியல்

புதன் காலை ஆறு மணி முதல் ஒப்பரேஷன் முடியும்வரை, வருவதாகச் செயலாளர் இராசரத்தினம் (அப்பா) சொல்லவில்லை.
புதன் பின்னேரம், கஞ்சி கொண்டுவருவதாகப் பைறோஸா அன்ரி ஒருபோதும் சொல்லவில்லை.
வியாழன் பௌர்ணமிப் போயா லீவு என்பதால், முழு நாளும் இருப்பதாக அம்மா வாயே திறக்கவில்லை.
வெள்ளி, மடக்குக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வர நாகேந்திரம் மாமாவுக்கு டொக்டர் தடை. கதிரை இல்லாமல் வருவதாகவும் அவர் சொல்லவில்லை.
சனி, பள்ளிக்கூடம் இல்லை. சாம்பவி எதையும் உறுதிப்படுத்த மறுக்கிறாள்.

ஏஜென்சிப் பிள்ளைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கெட்டிக்காரப் பிள்ளை உங்களுக்கு ஏற்கனவே ஒன்று இருக்கிறது.

சாம்பவி


கொட்டாஞ்சேனை
21.03.2025

அன்புள்ள சாம்பவிக்கு,

கோப்பு 14ஆம் திகதி மூடப்பட்டதாகப் பௌஸி அறிவித்தார். சான்றிதழ்களில் ஒன்று குறைகிறதாம். முப்பத்தேழுதான் கோப்பில் இருக்கிறதாம். அவருடைய வரவேற்பறைச் சுவரைப் பார்த்தவர்கள் வேறு கதை சொல்கிறார்கள். எனக்குத் தெரியாது.

வாக்குறுதி அளிக்காத எல்லோரும் வந்து போனார்கள். நாகேந்திரம் கதிரையும் கொண்டு வந்தார். பைறோஸாவின் கஞ்சியைக் குடிக்கலாமா என்று டொக்டரிடம் கேட்டேன், வேண்டாம் என்றார். அதைப் பக்கத்துக் கட்டில் பெண்ணின் மகன் குடித்தான். அந்தச் சின்ன மகனைத் தவிர அவளுக்கு ஒருவரும் வருவதில்லை என்பதை வியாழன் கண்டு உன் அம்மா அடுத்த நாள் இரண்டு கேரியர் கொண்டுவந்தாள். சந்தா கட்டாதவளுக்கு எப்படி என்று நான் கேட்கவில்லை. சனிக்கிழமை நீ என் கட்டில் அட்டையில் "உணவு: சம்பல் தவிர்ந்த அனைத்தும்" என்று எழுதிவிட்டுப் போனதை நேர்ஸ் மறுநாள்தான் கண்டார். ஏசினார். நான் தூங்குவதுபோல் இருந்துகொண்டேன்.

புதன் காலை நடந்ததை உனக்கு அப்பா சொல்லியிருக்கமாட்டான். ஐந்தரை மணிக்கே வந்து வாசலில் நின்றான். அவன் தேர்மோஸைக் கட்டிலடியில் வைத்தான், நான் அதற்கு மூடி இல்லை என்றேன். அவன் சட்டைப் பையிலிருந்து புது மூடி ஒன்றை எடுத்துப் பூட்டினான். அவ்வளவுதான் எங்கள் சமாதானம்.

பிறகு என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போக வந்தார்கள். நேர்ஸ் தாளும் பேனையுமாக நின்று, "இவங்களுக்கு ஆர் பொறுப்பு?" என்று சிங்களத்தில் கேட்டார். உன் அப்பா ஒரு கணமும் யோசிக்கவில்லை.

"ஓம் மிஸ், நாங்கதான் பொறுப்பு."

இரண்டு நாளுக்கு முன்தான் அப்படி ஒன்றும் சொல்லமாட்டேன் என்று கையெழுத்து வைத்தவன். அதை அவனுக்கு அந்த இடத்திலேயே ஞாபகப்படுத்துவது என் கடமை. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் கட்டில் நகரத் தொடங்கிவிட்டது. நானும் அவன் கையை விட்டால்தானே சொல்ல முடியும்.

ஞாயிறு மதியம் வருகிறேன். சாப்பாட்டுக்கு வருவதாக இதனால் வாக்குறுதி அளிக்கிறேன். கட்டாயம், கீழே இரண்டு கோடு.

மாமி